டப்பாவைத் திறக்கும் முன்பே

கிரில் பட்டறையிலிருந்து குட்டி யானையில் வந்து இறங்கும் புது கேட் பெரும்பாலும் செங்காவி நிறத்தில்தான் இருக்கும். ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட் அடித்தே கொடுப்பார்கள். வீட்டுக்காரருக்கும் அதில் ஒரு நிம்மதி. துருவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள், இனி என்ன கலர் என்பதுதான் பாக்கி என்று நினைத்துக்கொள்வார். கடையில் வண்ண அட்டையைப் புரட்டி, விலை கூடிய டப்பாவாகப் பார்த்து வாங்கி, பெயின்டரிடம் கொடுப்பார். இரண்டு மழைக்காலம் போகும். கேட்டின் அடிச்சட்டத்தில், தினமும் வாசல் தெளிக்கும் தண்ணீர் தெறிக்கிற இடத்தில், பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். நகத்தால் நெம்பினால் வில்லை வில்லையாகப் பெயர்ந்து வரும். அந்த வில்லை ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், அதன் முதுகில் ரெட் ஆக்சைடும், அதோடு ஒட்டிக்கொண்டு மெல்லிய கருஞ்செதிலும் இருக்கும். பழி பெயிண்ட் கம்பெனி மேல் விழும். அடுத்த முறை வேறு கம்பெனி டப்பா வரும். ஆனால் அந்தச் செதிலைப் பார்த்தால் பெயிண்டைக் குறை சொல்ல முடியாது. பெயிண்ட் தான் பிடித்ததை விடவே இல்லை, அது பிடித்திருந்த பொருள்தான் இரும்பை விட்டுவிட்டது. வெளியில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் இரும்புக்கு அடிக்கும் பெயிண்டின் ஆயுள், டப்பாவைத் திறக்கும் முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. எந்த டப்பா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

துரு என்பது மேலிருந்து கரையான் போல அரித்துக்கொண்டு வருவது என்று நினைக்கிறோம். அது உண்மையில் ஒரு குட்டி பேட்டரி. இரும்பின் ஒரு புள்ளியில் அணுக்கள் எலக்ட்ரானை விட்டுவிட்டுக் கரைகின்றன. பக்கத்துப் புள்ளியில் ஆக்சிஜனும் தண்ணீரும் அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்கின்றன. எலக்ட்ரான் போக இரும்பே கம்பியாகிவிடுகிறது. சுற்று முழுமையாக வேண்டுமானால், ஈரப்படலத்தின் வழியே அயனிகளும் நகர வேண்டும். கரைந்த இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு மேலே இருப்பதைத் தூக்கிவிடுகிறது. இதில் பெயிண்டின் வேலை என்ன? குடை மாதிரி தண்ணீரைத் தடுக்கிறது என்போம். கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி மெய்ன் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இதை ஆராய்ந்து, குடைக் கணக்கு சரிவராது என்று காட்டினார். சாதாரணப் பெயிண்ட் படலத்தின் வழியே கசிந்துபோகும் தண்ணீரும் ஆக்சிஜனும், பெயிண்டே அடிக்காத இரும்பு துருப்பிடிக்கப் போதுமான அளவுக்கு இருந்தன. அப்படியும் பெயிண்ட் காப்பாற்றுகிறது என்றால், அது அயனிகளை எளிதில் நடமாட விடாமல் மின்சுற்றை அறுப்பதால்தான். கடற்காற்று படியவிட்ட உப்போ, கை வியர்வையோ, பழைய துருவின் பள்ளத்தில் ஒளிந்திருக்கும் குளோரைடோ படலத்துக்கு அடியிலேயே இருந்துவிட்டால் பெயிண்ட் தடுப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. அயனிகள் ஏற்கெனவே வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. உப்பில் போட்ட மாங்காய்த் துண்டிலிருந்து தண்ணீர் வெளியே வருமே, அதே சவ்வூடு பரவலில் இங்கே தண்ணீர் வெளியிலிருந்து பெயிண்டைத் தாண்டி உள்ளே இழுபடுகிறது. கேட்டில் எழும்பும் கொப்புளங்களில் பல இப்படிப் பிறந்தவை.

அந்தக் கருஞ்செதிலுக்கு வருவோம். ஆங்கிள், பட்டா, கம்பி எல்லாம் உருட்டாலையில் செக்கச்செவேலென்று காய்ந்த நிலையில் உருட்டப்பட்டவை. ஆறும்போது மேலே கருநீலத் தோல் ஒன்று படியும். பட்டறையில் மில் ஸ்கேல் என்பார்கள். பார்க்க வழவழப்பாக, துருவே இல்லாத நல்ல இரும்பு போலத் தோன்றும். அந்தத் தோற்றம்தான் ஏமாற்று. அது இரும்பு ஆக்சைடு. உடையும் தன்மை கொண்டது. வெயிலில் இரும்பு விரிவதும் இரவில் சுருங்குவதுமாக இருக்க, இந்தத் தோல் கூடவே போக முடியாமல் விரிசல் விடுகிறது. விரிசலில் தெரியும் இரும்பும் சுற்றியிருக்கும் செதிலும் சேர்ந்தால் இன்னொரு பேட்டரி. அதில் கரைவது எப்போதும் இரும்புதான். செதிலின் பரப்பு பெரிது, விரிசல் சிறிது, ஆகவே அரிப்பு முழுவதும் அந்த ஒரு கோட்டில் குவிந்து குழி பறிக்கும். இதன் மேல் பட்டறையின் உபயமாக இன்னும் சில சேரும்: அறுக்கும்போது பட்ட எண்ணெய், வெல்டிங் கசடு, தெறித்து ஒட்டிய உலோக மணிகள், சுண்ணாம்புக் கட்டியில் போட்ட அளவுக் குறிகள். இவை எல்லாவற்றையும் ஒரே சீராக மூடி மறைக்கும் வேலையை அந்த ஒரு கோட் சிவப்பு செய்துவிடுகிறது. பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கேட்டுக்கு எடைக்கணக்கில் விலை பேசுகிறோம். தேய்ப்பதற்கு யார் பேசினோம்?

சிவப்புக்கே ஒரு கதை இருக்கிறது. போன நூற்றாண்டில் பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் அடித்த சிவப்பு பிரைமர் ரெட் லெட், அதாவது ஈயத்தின் ஆக்சைடு. ஆளி விதை எண்ணெயில் குழைத்தது. அந்த எண்ணெய் துருவின் இண்டு இடுக்கெல்லாம் ஊறிப் பரவும். ஈயம் எண்ணெயோடு வினைபுரிந்து அரிப்பைத் தணிக்கும் உப்புகளை உண்டாக்கும். ஆகவே அரைகுறையாகச் சுரண்டிய இரும்பின் மேலும் அது தாக்குப்பிடித்தது. ஈயம் நஞ்சு என்பதால் அதை மெல்ல மெல்லக் கைவிட்டார்கள். சாதாரண ரெட் ஆக்சைடில் இருக்கும் சிவப்பு இரும்பு ஆக்சைடு. வேதியியல்படி பார்த்தால் துருவுக்கு நெருங்கிய உறவு. அது கெடுதல் செய்யாது, நிறமும் மறைப்பும் தரும். ஆனால் ஈயம் செய்த வேலையைச் செய்யாது. பழைய பிரைமரின் நிறம் மட்டும் வாரிசாக வந்தது, குணம் வரவில்லை. இன்று அந்தக் குணம் வேண்டுமென்றால் துத்தநாக பாஸ்பேட் கலந்த பிரைமர் என்று கேட்டு வாங்க வேண்டும். நடுவில் கொஞ்ச காலம் கோலோச்சிய மஞ்சள் நிறத் துத்தநாகக் குரோமேட் நன்றாகவே வேலை செய்தது. புற்றுநோய் உண்டாக்குவது என்பதால் அதையும் தவிர்ப்பதே நல்லது.

அடித்தளம்தான் ஆயுள் என்பதற்கு உலகத்தில் பெரிய சாட்சி ஸ்காட்லாந்தில் நிற்கிறது. 1890இல் திறந்த ஃபோர்த் ரயில் பாலம். முடிவே இல்லாத வேலையைச் சொல்ல ஆங்கிலத்தில் அந்தப் பாலத்துக்குப் பெயிண்ட் அடிப்பதையே உவமையாக்கிவிட்டார்கள். ஒரு முனையில் முடிக்கும்போது மறுமுனையில் மறுபடி தொடங்க வேண்டும் என்பது ஓரளவு கட்டுக்கதைதான். ஆனால் துருப்பிடித்த இடங்களைத் தேடித் தேடிப் பூச நிரந்தரமான பெயின்டர் கூட்டம் ஒன்று அங்கே இருந்தது உண்மை. 2002இல் முறையை மாற்றினார்கள். பாலத்தைப் பகுதி பகுதியாக மூடி, நூறாண்டுகளாக ஒன்றன் மேல் ஒன்றாக ஏறியிருந்த பெயிண்ட் அடுக்குகளை அழுத்தக் காற்றில் உராய்வுத் துகள்களை வீசி, வெறும் இரும்பு தெரியும்வரை உரித்தார்கள். அதன் மேல் மூன்று அடுக்கு: துத்தநாக பாஸ்பேட் கொண்ட எபோக்சி பிரைமர், கண்ணாடிச் செதில் கலந்த எபோக்சி, கடைசியாக வெயில் தாங்கும் யூரித்தேன் மேல்பூச்சு. வடகடல் எண்ணெய் மேடைகளில் பழகிய முறை. சுமார் 2,30,000 சதுர மீட்டர் பரப்பு. 2011 டிசம்பரில் வேலை முடிந்தது. குறைந்தது 20, 25 ஆண்டுகளுக்கு முழுப் பூச்சு தேவைப்படாது என்று கணக்கிட்டார்கள். உவமை அத்தோடு பொய்யாகிவிட்டது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். அங்கே பெயிண்டும்தானே மாறியது, கண்ணாடிச் செதில் எபோக்சியை அடித்துவிட்டுச் சுரண்டியதற்கு ஏன் பெருமை சேர்க்கிறீர்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கண்ணாடிச் செதில்கள் மீன் செதில் போல ஒன்றன் மேல் ஒன்று படுத்து ஈரத்தின் பாதையைச் சுற்றுவழி ஆக்குகின்றன; அது பெரிய லாபம்தான். ஆனால் அந்தப் பெயிண்டைப் பழைய அடுக்குகளின் மேலேயே அடித்திருந்தால் என்ன ஆகும்? எபோக்சி இறுகும்போது கீழே உள்ளதைப் பிடித்து இழுக்கும். கீழே உள்ளது நொய்ந்த பழைய எண்ணெய்ப் பெயிண்ட் என்றால் இரண்டும் சேர்ந்தே கழன்று வரும். பெயிண்டின் தரமும் விலையும் ஏற ஏற, அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும் குணம் பொதுவாகக் குறைகிறது. துத்தநாக சிலிகேட் பிரைமர் இதற்கு உச்ச உதாரணம். இரும்புக்குப் பதில் தானே கரைந்து காப்பாற்றும் அபார சரக்கு; ஆனால் மணல்வீச்சு போன்ற முறையில் வெள்ளையாக்கிய இரும்பைத் தவிர வேறெதிலும் ஒழுங்காகப் பிடிக்காது. அரைகுறைச் சுத்தத்தையும் சகித்துக்கொள்ளும் எபோக்சி மாஸ்டிக் போன்ற ரகங்கள் வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. அவையும் சகித்துக்கொள்வது ஒட்டிக்கிடக்கும் லேசான துருவைத்தான். எண்ணெயை, உப்பை, உதிரும் செதிலை அல்ல. விலை உயர்ந்த டப்பாவை வாங்கிச் சுரண்டலில் மிச்சம் பிடிப்பவர் இரண்டு வகையிலும் நஷ்டப்படுகிறார்.

எவ்வளவு சுத்தம் போதும் என்பதை ஆளாளுக்கு ஒன்று சொல்லிவிடக் கூடாது என்று ஸ்வீடன்காரர்கள் படம் போட்டே காட்டினார்கள். அது பின்னால் உலகத் தரமாகியது. அதில் கையால் அல்லது சிறு மிஷினால் தேய்ப்பது எஸ்டி 2, எஸ்டி 3 என்றும், துகள் வீசிச் சுத்தம் செய்வது எஸ்ஏ 1இலிருந்து 3 வரையும் போகும். பாலம், தொட்டி, கோபுரம் எல்லாவற்றுக்கும் வழக்கமாகக் கேட்பது எஸ்ஏ இரண்டரை. வீட்டு கேட்டுக்கு யாரும் அதைக் கேட்கப்போவதில்லை, தேவையும் இல்லை. ஆனால் எஸ்டி 3 அளவுக்குக் கையாலேயே வர முடியும், வரிசை தவறாமல் செய்தால். பலர் தவறவிடுவது அந்த வரிசையைத்தான். முதலில் சோப்புத் தண்ணீரோ கரைப்பானோ கொண்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். தேய்த்துவிட்டு எண்ணெயைத் துடைத்தால், தேய்த்த கீறல்களுக்குள் எண்ணெயை நாமே ஏற்றிவிடுகிறோம். பிறகு வெல்டிங் கசடைச் சுத்தியால் தட்டி, தெறித்த மணிகளைக் கிரைண்டரில் நீக்கி, கூரான விளிம்புகளை லேசாக மழுக்க வேண்டும். பிறகுதான் கம்பி பிரஷும் உப்புத்தாளும். இங்கே ஒரு எச்சரிக்கை: கிரைண்டரில் மாட்டும் கம்பி பிரஷை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் துரு போகாமல் பளபளவென்று மெருகேறிவிடும். பார்க்க இரும்பு மாதிரி மின்னும் அந்தக் கறுத்த பளபளப்பு துருதான். உப்புத்தாளால் எதிர்த்திசையில் நான்கு இழுப்பு இழுத்தால் உண்மை நிறம் தெரியும். கடலோரத்தில் இதற்கெல்லாம் முன்னும் பின்னும் நல்ல தண்ணீரில் கழுவுவது கட்டாயம். மழை படாத சன்ஷேடுக்கு அடியில் இருக்கும் கிரில், மழையில் நனையும் கிரில்லைவிடச் சில வீடுகளில் சீக்கிரம் அரித்துப்போவதைப் பார்க்கலாம். திறந்த வெளியில் மழையே உப்பைக் கழுவிவிடுகிறது. நிழலில் இருப்பதில் அது சேர்ந்துகொண்டே போகிறது.

இவ்வளவு பாடு எதற்கு, துருவையே மாற்றிவிடும் மருந்து பாட்டிலில் கிடைக்கிறதே என்பார்கள். ரஸ்ட் கன்வெர்ட்டர் ஏமாற்று வேலை இல்லை. அதில் இருப்பது பெரும்பாலும் டானிக் அமிலம் அல்லது பாஸ்பாரிக் அமிலம். கடுக்காய்ச் சாறு இரும்பில் பட்டால் கறுப்பதும், அந்தக் கறுப்பையே மையாகவும் கலம்காரித் துணியின் கருஞ்சாயமாகவும் பயன்படுத்தியதும் நமக்குத் தெரிந்த சங்கதி. பாட்டிலில் நடப்பதும் அந்த வேதியியல்தான்: துரு கறுத்து, ஓரளவு அசைவற்ற சேர்மமாகிறது. ஆனால் மருந்து தொட்ட ஆழம்வரைதான் மாற்றம். தகடு தகடாக உரியும் துருவின் மேல் தடவினால் மேல்தோல் கறுத்து, அடியில் செம்மை அப்படியே உயிரோடு இருக்கும். உப்பை அது ஒன்றும் செய்யாது. எட்டாத இடுக்கில், சுரண்டிய பிறகும் மிஞ்சும் மெல்லிய துருவுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். சுரண்டலுக்கு மாற்றாக நினைத்தால் ஏமாற்றம்தான்.

பிரைமரிலும் மேல்பூச்சிலும் எதைத் தேர்வு செய்வது என்பதை வீட்டின் நிறம் முடிவு செய்யக் கூடாது, ஊர் முடிவு செய்ய வேண்டும். உலகத் தரத்தில் காற்றின் அரிக்கும் வலிமையை சி1 முதல் சி5 வரை, அதற்கு மேல் சிஎக்ஸ் என்று பிரித்திருக்கிறார்கள். அளவுகோல் எளிமையானது: பெயிண்ட் அடிக்காத இரும்புத் துண்டை வெளியில் வைத்து, முதல் ஆண்டில் எத்தனை மைக்ரான் கரைகிறது என்று பார்ப்பது. சி3 என்றால் 25 முதல் 50. சி5 என்றால் 80 முதல் 200. இருநூறு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. கேட்டுக்குப் போடும் 18 கேஜ் தகட்டின் மொத்தத் தடிமனே 1.2 மில்லிமீட்டர்தான். காரைக்குடியில் 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், கடலோர ஊரான மண்டபத்தில் இப்படி உலோகத் துண்டுகளை வரிசையாக மாட்டிவைத்துக் கடற்காற்றுக்குக் கொடுத்து அளந்துவருவது இதற்காகத்தான். அந்த மண்டபத்துக்கு அடுத்தாற்போல் கடலுக்குள் நீளும் பாம்பன் பாலம் அந்த அளவீட்டின் கண்கூடான உரு. 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் பூச்சும், கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்றும் செய்திருக்கிறார்கள், நம் வாதத்துக்கு அதுவே முக்கியம்: இணைப்புகளை முழுக்க வெல்டிங்கில் சேர்த்திருக்கிறார்கள். பெயிண்ட் எட்டாத இடுக்கே இல்லாமல் செய்வதும் பெயிண்டுக்கு முந்திய வேலைதான்.

ஆகவே சேலத்திலோ திண்டுக்கல்லிலோ இருக்கும் வீட்டு ஜன்னல் கிரில்லுக்கு எபோக்சி வாங்கச் சொல்வது அநாவசியச் செலவு. நன்றாகத் தேய்த்து, துத்தநாக பாஸ்பேட் பிரைமர் இரண்டு கோட், எனாமல் இரண்டு கோட் போதும். நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ கடல் தெரியும் தொலைவில் இருக்கும் மொட்டைமாடிப் படியிலும் தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டிலும் எனாமல் தோற்கும். அங்கே எபோக்சிக்கு இடமுண்டு. ஆனால் எபோக்சியோடு நிறுத்தக் கூடாது. வெயில் பட்டால் அது மேலே சுண்ணாம்பு பூத்தது போல வெளுத்து, கையில் மாவாக ஒட்டும். வெயிலைத் தாங்க மேலே பாலியூரித்தேன் வேண்டும். இரண்டு டப்பா ரகங்களில் ஹார்டனரைக் கண்ணளவில் ஊற்றுவதும், எபோக்சி கல்லாக இறுகிய பிறகு பல நாள் கழித்து உப்புத்தாள் போடாமல் மேல்கோட் அடிப்பதும் மொத்தக் காசையும் வீணாக்கும். துத்தநாகம் பூசிய ஜிஐ தகட்டுக்கும் பைப்புக்கும் தனி நியாயம். அதற்கு எனாமலை நேரடியாக அடித்தால், எனாமலின் எண்ணெயும் துத்தநாகமும் வினைபுரிந்து நடுவில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகிறது. பெயிண்ட் தோல் உரிவது போல் உரியும். ஜிஐயில் பெயிண்ட் நிற்காது என்ற பேச்சு இப்படித்தான் வந்தது. அதற்கென்று உள்ள எட்ச் பிரைமரோ எபோக்சி பிரைமரோ அடித்தால் நிற்கும். அந்தக் காலத்து இரும்பு துருவே பிடிக்காது என்று டெல்லித் தூணைக் காட்டுவோருக்கும் ஒரு வார்த்தை. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது மேலே ஒரு காப்புப் படலத்தை வளர்த்துக்கொண்டது. டெல்லியின் வறண்ட காற்றும் கைகொடுத்தது. அதை மண்டபத்தில் நட்டிருந்தால் கதை வேறாகியிருக்கலாம்.

அடிக்கும் கைக்கு வருவோம். பெயிண்டின் காவல் அதன் தடிமனில் இருக்கிறது; தடிமன் மைக்ரானில் இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. தலைமுடி சுமார் 70 மைக்ரான். எனாமல் ஒரு கோட் காய்ந்தால் 25, 30 மைக்ரான்தான் தேறும். கடுமையான கடலோரக் கட்டமைப்புக்கு மொத்தம் 300 மைக்ரான் அளவில் கேட்பார்கள். சாதாரண எனாமலில் பாதி அளவு காற்றில் போகும் கரைப்பான். ஈரத்தில் நூறு மைக்ரான் பூசினாலும், கெட்டிப்பொருள் 40 சதவீதம் என்றால் காய்ந்து நிற்பது 40 மைக்ரான். பிரஷ் லேசாக ஓட வேண்டும் என்று டப்பாவில் டர்பன்டைனை, சில இடங்களில் மண்ணெண்ணெயையே, தாராளமாக ஊற்றும்போது குறைவது இந்தக் காவல்தான். நிறம் மூடிவிட்டது, காவல் மூடவில்லை. விளிம்பில் நிலைமை இன்னும் மோசம். ஈரப் பெயிண்ட் பரப்பிழுவிசையால் கூரான முனையை விட்டுப் பின்வாங்கும். பட்டாவின் ஓரத்திலும், கம்பி குறுக்குச்சட்டத்தைச் சந்திக்கும் வெல்டிங்கிலும் துரு முதலில் தலைகாட்டுவது அதனால்தான். நல்ல பெயின்டர் முழுக் கோட்டுக்கு முன்னால் சிறு பிரஷை எடுத்து விளிம்புகளுக்கும் வெல்டிங்குகளுக்கும் மட்டும் ஒரு ஓட்டு ஓட்டிவிடுவார். பாக்ஸ் பைப்பின் திறந்த வாயை அடைத்துவிட்டாரா என்றும் பாருங்கள். உள்ளே தேங்கும் தண்ணீருக்கு எந்தப் பெயிண்டும் பதில் சொல்லாது.

பொங்கலுக்கு வீட்டுக்குப் பூச்சு வேலை பார்ப்பது நம் வழக்கம். சுவருக்கு அடித்த சுண்ணாம்புக்கு அந்தக் காலம் நல்ல காலம். சுண்ணாம்பு இறுக மெல்லிய ஈரமும் காற்றின் கரியமில வாயுவும் வேண்டும். அதே கையோடு கேட்டுக்கும் அடித்துவிடுவதுதான் பிசகு. மார்கழிக் காலையில் இரும்பின் மேல் பனி கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்திருக்கும். தொட்டால் சில்லென்று இருக்குமே தவிர, ஈரம் தெரியாது. தொழிலில் இதற்கு விதி உண்டு: இரும்பின் வெப்பம் பனி படியும் நிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கருவி இல்லாதவர்களுக்குச் சொல்வதானால், வெயில் ஏறிப் பனி உலர்ந்த பிறகு தொடங்கி, தகடு கை வைக்க முடியாமல் கொதிக்கும் முன் நிறுத்துங்கள். கொதிக்கும் தகட்டில் கரைப்பான் பொங்கி வெளியேறி ஊசித் துளைகளை விட்டுச் செல்லும். தேய்த்த இரும்பை ராத்திரி முழுக்க வெறுமனே விட்டுவைப்பதும் கூடாது. காலையில் மஞ்சள் பூத்திருக்கும், தேய்த்த கூலி வீண். அன்று தேய்த்ததற்கு அன்றே பிரைமர். பழைய வீடுகளில் ஒரு ஜாக்கிரதை கூடுதலாக வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய அடுக்குகளை உலர்வாகத் தேய்த்துப் புழுதி பறக்கவிட்டால் ஈயம் குழந்தைகள் கைக்கும் வாய்க்கும் போகும். தண்ணீர் தொட்ட தாளில் தேய்த்து, சுரண்டியதைத் துணி விரித்துச் சேகரிப்பது நல்லது.

கடைசி மறுப்பு கூலி. தேய்ப்பதற்கு இரண்டு நாள் ஆளைப் போட்டால் பெயிண்ட் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும், அதற்கு வருஷத்துக்கு ஒரு கோட் அடித்துவிட்டுப் போகலாமே என்பார்கள். முதல் வருடக் கணக்கில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் துருவின் மேல் அடிக்கும் ஒவ்வொரு கோட்டும் அடுத்து சுரண்ட வேண்டிய சுமையைக் கூட்டுகிறது. கனத்துப்போன எனாமல் அடுக்குகள் வயதாகி இறுகி, தம் சொந்த இழுவிசையிலேயே வெடிக்கும். ஒரு நாள் எப்படியும் எல்லாவற்றையும் உரிக்க வேண்டிவரும். அதற்குள் அடிச்சட்டம் மெலிந்து போயிருக்கும். புது இரும்பைத் தேய்ப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவு, அதுவும் பட்டறையிலேயே, கேட் படுக்கையாகக் கிடக்கும்போது, நாலு பக்கமும் கை எட்டும்போது. அடுத்த முறை கேட்டோ கிரில்லோ செய்யக் கொடுக்கும்போது, தேய்ப்புக் கூலியைத் தனியாகப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். தேய்த்து முடித்ததும், சிவப்பு அடிப்பதற்கு முன்னால் ஒரு போன் போடச் சொல்லுங்கள். ஒரு வெள்ளைத் துணியோடு போய், வெல்டிங்குகளின் மேல் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். துணி கறுத்தால் இன்னும் தேய்க்கச் சொல்லுங்கள்.